அதாரிட்டியைத் தேடிய குழு

திருவனந்தபுரத்தில் ஒரு மரம் நடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். குழி தோண்டி, வார்டு கவுன்சிலரைக் கூப்பிட்டு, இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டால் முடிந்தது. வெட்டுவதற்குத்தான் நிழல்மர நல வாரியத்துக்குப் போக வேண்டும். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், ஒரு லாட்ஜுக்கு மேலே இரண்டாம் மாடியில் அது இருக்கிறது. தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த இருபத்திரண்டு வருடத்தில் வாரியம் உத்தரவு போட்டு வெட்டிய மரம் ஒன்றே ஒன்று. உத்தரவு போட்ட செயலாளரை மறு வாரமே அப்போதைய தலைவர் சஸ்பெண்ட் செய்தார். பிறகு தலைவரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த நாற்காலி இன்றுவரை காலி.

அன்றிலிருந்து வாரியத்தில் யாரும் எதிலும் முழுக் கையெழுத்துப் போடுவதில்லை. கோப்பு மேஜைக்கு வந்தால் மலையாளத்தில் ‘கண்டு’ என்று எழுதி அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். பார்த்தாயிற்று என்று அர்த்தம். பார்த்த குற்றத்துக்காக யாரையும் சஸ்பெண்ட் செய்ய முடியாது அல்லவா?

இது எதுவும் தெரியாமல்தான் மார்ச் மாதத்தில் ஒரு நாள் சுடலைமாடத்தி அந்த மாடிப்படி ஏறினாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. தம்பானூரில் ஒரு ஓட்டலில் இருபத்தைந்து வருடமாக மாவாட்டுகிறாள். வலியசாலைக்குப் பின்னால், கிள்ளியாற்றங்கரையில் இரண்டு அறை உள்ள ஓட்டு வீடு. வீட்டுக்குப் பின்னால் புறம்போக்கில் வாரியத்தின் தூங்குமூஞ்சி மரம் ஒன்று, வெள்ளைப் பெயிண்டில் 1174 என்று நெற்றியில் எழுதிக்கொண்டு நின்றது. நின்றது என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். போன ஐப்பசி மழையில் ஒரு பக்க வேர் விட்டுப்போய், அது வீட்டின் மேல் சாய்ந்துகொண்டே வந்தது. விழுந்தால் நேராகப் பின் அறையில்தான் விழும். பின் அறையில்தான் பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் ஷிஜா படுத்திருந்தாள். ஜூன் முதல் வாரம் மழை. ஜூன் மூன்றாம் வாரம் பிரசவம்.

பிரிவு எழுத்தர் அபிலாஷ் நல்ல பையன். அவளுடைய ஓட்டலில்தான் காலையில் தோசை சாப்பிடுவான். மனுவை வாங்கிப் படித்தான். ‘மரத்த வெட்டணும். கீழ எம்மக படுத்திருக்கா’ என்று தமிழில் எழுதி, கீழே முழுப் பெயரையும் போட்டிருந்தாள்.

“சேச்சி, எல்லாம் சரியா. பக்ஷே, இது யாருக்குன்னு எழுதலையே?”

“ஒங்களுக்குத்தான் சாரே.”

“ஞானோ?” அபிலாஷ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். “என் பேர் எழுதிடாதே சேச்சி, ப்ளீஸ். அதாரிட்டின்னு எழுதணும். விதி நாலில அங்ஙனயாணு: சாய்ந்த மரத்த வெட்ட அதாரிட்டி உத்தரவிடலாம்.”

“அவுக எங்கன இருக்காக?”

அபிலாஷ் விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினான். பொருள் விளக்கப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. ‘அதாரிட்டி என்றால் அதாரிட்டி என்று பொருள்.’

“அதான் பிரச்னை. யாருன்னு யாருக்கும் அறியில்ல. ஞான் வந்து ஏழு வருஷமாச்சு, ஒருக்கா கண்டிட்டில்ல.”

சுடலைமாடத்தி விடுகிற ஆள் இல்லை. மாவு அரைக்கிறவளுக்கு ஒரே இடத்தில் நிற்பது ஒன்றும் புதிதில்லையே. தினமும் மத்தியானம் வேலை முடிந்ததும் வந்து, கையில் உளுந்து வாசனையோடு வராந்தாவில் நின்றாள். இரண்டு வாரம் நின்ற பிறகு, தன் அறைக்குள் போகவும் வரவும் அவளைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்த செயலாளர் ஸ்ரீனிவாசன், அவளை உள்ளே கூப்பிட்டார். அவர் வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். எந்தக் காகிதத்தையும் ஓரமாகப் பிடித்துத்தான் வாசிப்பார்.

“உக்காருங்கோம்மா. ஒங்க கஷ்டம் எனக்குப் புரியறது. மரம் சாஞ்சிருக்கு. அதை நானே போறச்சே வரச்சே பாக்கறேன். வெட்டத்தான் வேணும். அதுல ரெண்டு அபிப்ராயம் இல்லே. ஆனா வெட்டுன்னு சொல்றது யாரு? நான் சொல்லலாமா? சொல்லப்படாது. எங்க முந்தின செயலாளர் சொன்னார். இப்போ எங்க இருக்கார்? ஆத்துல இருக்கார்! அதனால நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்.”

சுடலைமாடத்தி கை கூப்பினாள்.

“முடிவு எடுக்கறது யாருன்னு முடிவு பண்றதுக்கு ஒரு குழு போடப்போறேன்” என்றார் ஸ்ரீனிவாசன். “அதாரிட்டிங்கற சொல் எங்கேர்ந்து வந்தது, என்ன அர்த்தம், இதெல்லாம் வேரோட கண்டுபிடிச்சுட்டா, அந்த அர்த்தத்துக்கு நம்ம ஆஃபீஸ்ல யார் பொருந்தறாளோ அவாதான் அதாரிட்டி. அவா வெட்டச் சொல்லிடுவா. சிம்பிள்!”

சிம்பிளான அந்தக் குழுவுக்கு நான்கு பேர். தலைவர் ஸ்ரீனிவாசன். கன்வீனர் அபிலாஷ். சட்ட அலுவலர் ராஜஸ்ரீ. நிபுணர், ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர் சேஷன். சேஷனும் வலியசாலைதான். ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடமாகியும் கேட்க ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த மனிதர், குழுவின் கடிதம் வந்த அன்று சலவைக்குப் போட்டிருந்த கோட்டைத் திரும்ப வாங்கி வந்துவிட்டார்.

ஏப்ரலில் முதல் கூட்டம். ராஜஸ்ரீ ஏதோ பயிற்சிக்காக டெல்லி போயிருந்தார். நான்கு பேர் இருந்தால்தான் கோரம் சேரும், கூட்டம் செல்லும்; மூன்று பேர் இருந்தால் அது வெறும் டீ குடிப்பது. அபிலாஷ் வராந்தாவை எட்டிப் பார்த்தான்.

“சேச்சி, கொஞ்சம் உள்ள வந்து இரிக்குமோ? ஆள் குறைவு.”

இப்படியாக சுடலைமாடத்தி குழுவில் உட்கார்ந்தாள். வருகைப் பதிவேடு வந்தது. மற்ற மூவரும் கிறுக்கலாக ஒரு சுழி போட்டார்கள். அவள் தலையைச் சாய்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, சு-ட-லை-மா-ட-த்-தி என்று தெளிவாக எழுதினாள். டீயும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் வந்தன. தன் பங்குப் பழம்பொரியை ஷிஜாவுக்கென்று தாளில் மடித்து வைத்துக்கொண்டாள்.

சேஷன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“இந்தச் சொல்லுக்கு மூலம் லத்தீன். அவுக்தோர்னு ஒரு வார்த்தை. ஒரு காரியத்தை ஆரம்பிச்சு, அதுக்குப் பின்னாடி நிக்கறவன். அதுலேர்ந்துதான் புஸ்தகம் எழுதறவனுக்கு ஆதர்னு பேர் வந்தது. அதுக்கும் வேர் அவுகேரே. அப்டின்னா வளர்க்கறது.”

“வளர்க்கறதா?” ஸ்ரீனிவாசன் நிமிர்ந்தார். “அப்போ அதாரிட்டிங்கறவர் அடிப்படையில வளர்க்கறவர். வளர்க்கறவர் மரத்தை வெட்டச் சொல்லலாமா? வேருக்கே விரோதமால்லே இருக்கு! அபிலாஷ், இதை மினிட்ஸ்ல போடு.”

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அடுத்த கூட்டத்தில், கிளையை வெட்டினால் மரம் வளரும், ஆகவே வெட்டுவதும் வளர்ப்பதில் அடக்கம் என்று சேஷன் தீர்த்து வைத்தார். அதற்குள் ஏப்ரல் முடிந்துவிட்டது.

மூன்றாம் கூட்டத்தில் இங்கிலாந்து வந்தது. “அங்க இந்தச் சொல் வந்த புதுசுல ஆளையே குறிக்கலை” என்றார் சேஷன். “புஸ்தகத்தைத்தான் குறிச்சுது. இன்ன புஸ்தகத்துல இப்டிப் போட்டிருக்குன்னு சொல்லி எதிராளி வாயை அடைக்கறோமே, அந்தப் புஸ்தகம்தான் அதாரிட்டி. ஆளுக்கு அப்புறம்தான் வந்தது.”

“அப்போ விதிப்புஸ்தகமே அதாரிட்டியா இருக்கலாமே!” என்று ஸ்ரீனிவாசன் ஆசையாக விதிப்புத்தகத்தைப் பார்த்தார். அதனால் கையெழுத்துப் போட முடியாது என்று அபிலாஷ் நினைவுபடுத்தியதும் அவர் முகம் வாடியது.

“ரோமாபுரியில இன்னொரு விசேஷம்” என்றார் சேஷன். “செனட்டுக்கு அதாரிட்டி உண்டு. பவர் கிடையாது. பெரியவாளா உக்காந்து யோசனை சொல்லலாம். அவ்வளவுதான்.”

“ஆஹா! நம்ம வாரியமேதான்!” ஸ்ரீனிவாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. “ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்மளப் பத்தி யோசிச்சிருக்கா பாருங்கோ.”

சுடலைமாடத்தி கையை உயர்த்தினாள். கூட்டத்தில் பேசுமுன் கையை உயர்த்த வேண்டும் என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தாள். “சார், ரோமாபுரில மரம் சாஞ்சா என்ன செய்வாக?”

நல்ல கேள்வி என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். அதை அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்ப்பதாகத் தீர்மானம் நிறைவேறியது.

மே நடுவில் ஸ்தல ஆய்வு. குழு தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வேனில் வந்து, ஆற்றுக்கு இந்தக் கரையில் இறங்காமல், அக்கரையில் இறங்கி நின்றது. கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்தது. மரம் மார்ச்சில் இருந்ததைவிட ஒரு முழம் கூடுதலாகச் சாய்ந்திருந்தது. வீட்டு வாசலில் ஷிஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஆபத்து நேர்ல பாக்கறச்சே ரொம்பத் தெளிவா இருக்கு” என்று ஸ்ரீனிவாசன் அக்கரையிலிருந்து சத்தமாகச் சொன்னார். “வாரியம் ஒங்களோட இருக்கும்மா!”

“சாரே, வாரியம் அக்கரயிலல்லே இருக்குது!” என்று ஷிஜா திருப்பிக் கத்தினாள். அது மினிட்ஸில் ஏறவில்லை.

அன்று சாயங்காலம் சுடலைமாடத்தி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். கொல்லத்தில் சென்ட்ரிங் வேலையில் இருந்த அவள் புருஷன் வன்னியபெருமாள் போனில், நானே கோடாலி எடுத்து வெட்டிப்போடுதேன் என்றான். அனுமதி இல்லாமல் வெட்டினால் ஜெயில் என்று ஷிஜா சொன்னாள். பிள்ளை பிறக்கும்போது வீட்டில் ஆண்துணை வேண்டுமே என்று கோடாலியை மறந்தார்கள்.

குழுவின் இறுதிக் கூட்டம் மே கடைசியில், கல்லாற்றில், ஒரு ரிசார்ட்டில் நடந்தது. ஆழமாகச் சிந்திக்க நகரத்து இரைச்சல் ஒத்துவராது என்று தலைவர் கருதினார். ராஜஸ்ரீ இன்னும் டெல்லியிலேயே இருந்ததால், கோரத்துக்காக சுடலைமாடத்தியையும் வேனில் ஏற்றிப் போனார்கள். ஓட்டலில் இரண்டு நாள் லீவு சொல்லி, பக்கத்து வீட்டு ஜெபமலரை மகளுக்குத் துணை வைத்துவிட்டு வந்தவள், பொன்முடி மலையின் மேல் கறுத்துத் திரண்ட மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகான இடம்தான். அவளுக்கு எதுவும் ரசிக்கவில்லை.

இரண்டாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு சேஷன் கோப்பைக் கையில் எடுத்தார். “நாம ரெண்டு மாசமா அலசினதோட சாரம் இதுதான். யார் ஒரு காரியத்தை ஆரம்பிச்சு, தன் பேரைப் போட்டு அதுக்குப் பின்னாடி நிக்கறாளோ, அவாதான் அதாரிட்டி. இந்தக் கோப்புல அறுபத்திரண்டு குறிப்பு இருக்கு. அறுபத்தொண்ணுல என்ன போட்டிருக்கு?”

“கண்டு” என்றான் அபிலாஷ்.

“ஒரே ஒரு காகிதத்துலதான் வெட்டணும்னு போட்டு, முழுப் பேரும் போட்டிருக்கு.”

மேஜையைச் சுற்றி எல்லாரும் சுடலைமாடத்தியைப் பார்த்தார்கள். அவள் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீனிவாசன் மெதுவாக எழுந்தார். பத்து வருடப் பாரம் தோளிலிருந்து இறங்கியது அவர் முகத்திலேயே தெரிந்தது. “அப்போ அது நான் இல்லே?”

“நீங்க இல்லே.”

“நிச்சயமா?”

“லத்தீன்படி நிச்சயமா.”

“தீர்மானம் நிறைவேறியது!” என்று ஸ்ரீனிவாசன் மேஜையைத் தட்டினார். “அம்மா, ஒங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?”

“மரத்த வெட்டிருவீகளா சார்?”

“அதை இனிமே அதாரிட்டி பாத்துக்கும்.”

“அப்பம் சரி” என்றாள் சுடலைமாடத்தி. நான்கு பேர் கொண்ட குழு ஏகமனதாக முடிவெடுத்தது.

சனிக்கிழமை குத்துவிளக்கேற்றி அறிக்கையை வெளியிட்டார்கள். பளபளவென்று தொண்ணூற்றாறு பக்கம். அவளுக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசி டப்பாவின் மேல் வைத்தாள். ஷிஜா பொழுது போகாமல் அதைப் புரட்டியவள், தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா! அம்மாதான் அதாரிட்டி!”

“போடி, கிறுக்கி.”

“சத்யமாயிட்டு. பேரு போட்டிருக்கு பாரு. அம்மா சொன்னா மரத்த வெட்டணும்.”

சுடலைமாடத்தி அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு, மாவு கிரைண்டரைப் பாதியில் நிறுத்திவிட்டு, மாடிப்படி ஏறினாள். அபிலாஷிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கினாள். ‘1174 மரத்த இன்னைக்கே வெட்டுங்க’ என்று எழுதி, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அபிலாஷ் அதை எடுத்துக்கொண்டு செயலாளர் அறைக்கு ஓடினான். ஸ்ரீனிவாசன் தாளை ஓரமாகப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பினார்.

“இதுல என் பேர் எங்கயாவது இருக்கா?”

“இல்ல சார்.”

“சுழி?”

“அதும் இல்ல.”

“அப்போ என்னடா பாத்துண்டு நிக்கறே? ஆர்டர் வந்தாச்சு, ஆளை அனுப்பு!”

மூன்று மணிக்கு மரம் இல்லை. இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, மழை பேயாகக் கொட்டியது. ஷிஜா பின் அறையில் குறட்டை விட்டுத் தூங்கினாள். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு சுடலைமாடத்தி எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பதினெட்டாம் தேதி பேத்தி பிறந்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் அது வாரியமே இல்லை. மரம் ஒன்று வெட்டப்பட்டால் சட்ட அலுவலர் விசாரணை நடத்த வேண்டும் என்பது விதி ஒன்பது. டெல்லியிலிருந்து ராஜஸ்ரீ திரும்பிவிட்டார். அவர் போயிருந்த பயிற்சியே விசாரணை நடத்துவது எப்படி என்பதுதான். கற்றதைப் பயன்படுத்த ஒருவர் வேண்டாமா? ஆகஸ்டில் சுடலைமாடத்திக்கு சம்மன் வந்தது.

“இந்த ஆர்டர் போட எத்தனை நாள் எடுத்துண்டீங்க?” என்று ராஜஸ்ரீ கேட்டார்.

“நாளா மேடம்? ரெண்டு நிமிசம் ஆச்சு. பேனா எழுதல.”

“ரெண்டு நிமிஷம்!” ராஜஸ்ரீ பேனாவை வைத்துவிட்டார். “இங்க ஒரு கோப்புக்குச் சராசரி பதினோரு வருஷம். யாரையாவது கலந்துண்டீங்களா? யாராவது கண்டுன்னு எழுதினாளா? எதுக்கு இவ்வளவு அவசரம்?”

“மரத்துக்குக் கீழ எம்மக படுத்திருந்தா மேடம்.”

ராஜஸ்ரீ கேள்வித்தாளை மேலிருந்து கீழ்வரை தேடினார். “அதுக்கு இதுல இடம் இல்லையேம்மா” என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார்.

அதிகாரத்தை முறை தவறி, குறிப்பாக வேகமாக, பயன்படுத்திய குற்றத்துக்காக அதாரிட்டி சுடலைமாடத்தியை சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. ஆணையை டைப் அடித்து முடித்த பிறகுதான் அடியில் கையெழுத்துப் போட வேண்டியது யார் என்ற கேள்வி வந்தது. ராஜஸ்ரீ பரிந்துரைக்கத்தான் முடியும். ஸ்ரீனிவாசன் ‘கண்டு’ என்று எழுதினார். வாரியத்தில் கையெழுத்துப் போடத் தகுதி உள்ளவர் ஒருவர்தான். அபிலாஷ் ஆணையை எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஓட்டலின் பின்கட்டுக்கு வந்தான். வரும்போது அதாரிட்டியின் பார்வைக்கென்று காத்திருந்த மற்றக் கோப்புகளையும் முறைப்படி ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்தான்.

“சேச்சி, மனசிலாக்கணும், ஞான் சொன்னதில்ல. சேச்சிய சஸ்பெண்ட் பண்ணியிருக்கு. சேச்சிதான் ஒப்பிடணும், கையெழுத்து போடணும்.”

சுடலைமாடத்தி மாவுக் கையைக் கழுவித் துடைத்தாள். “எப்பலேருந்து?”

“இன்னைக்கு உச்சைக்கு மேல, பன்னெண்டு மணி கழிஞ்ஞா. நம்ம ஆஃபீஸ்ல பதவி போறதும் வாறதும் உச்சைக்கு மேலதான். உச்ச வரைக்கும் சேச்சி டூட்டியிலதான்.”

“மணி என்ன?”

“பதினொண்ணு அஞ்சு.”

அவள் சாக்கைப் பார்த்தாள். “அதுல என்ன?”

“வேற மரங்கள். நாப்பத்தொண்ணு.”

சஸ்பென்ஷன் ஆணையை எடுத்து உளுந்து டின்னுக்கு அடியில் வைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஒவ்வொண்ணா வாசிங்க சாரே.”

அபிலாஷ் வாசித்தான். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டாள்: கீழே ஆள் படுக்குதா? படுக்குது என்றால் கையெழுத்து. ஒருவர் காரின் மேல் சருகு விழுகிறது என்று மனு போட்டிருந்தார். பெருக்கச் சொல்லுங்க என்று எழுதித் திருப்பிவிட்டாள். கடை போர்டை மறைக்கிறது என்ற மனுவுக்கு, போர்டை நகட்டுங்க என்றாள். ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறைக் கூரையின் மேல் சாய்ந்த மரத்துக்கு மட்டும் கொஞ்சம் கோபப்பட்டு, பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி கையெழுத்துப் போட்டாள். பதினொன்று ஐம்பதுக்கு முப்பத்தொன்பது முடிந்தது. சரக்கு மாஸ்டர் வந்து மாவு எங்கே என்று கத்தினார். அதாரிட்டி கையை மட்டும் காட்டி நிற்கச் சொன்னாள். நாற்பதாவதும் முடிந்தது.

நாற்பத்தொன்றாவது கோப்பைத் திறந்த அபிலாஷ் அதைப் பாதி மூடிவிட்டு வாசல் பக்கம் பார்த்தான்.

“என்ன சாரே?”

“வலியசாலை. தெருவில நிக்குற வாகை மரம், மாடி மேல சாய்ஞ்சிருக்கு. மனு கொடுத்தது சூடாமணின்னு ஒரு மாமி. ஆறு வருஷமாச்சு.” அவன் குரலைத் தாழ்த்தினான். “நம்ம செயலாளர் சாரோட வைஃப்.”

“ஆறு வருசமா அவரு என்ன செஞ்சாரு?”

“கண்டு” என்றான் அபிலாஷ்.

“அந்த மாடில கீழ ஆள் படுக்குதா?”

“சார்தான் படுக்கறார்.”

அபிலாஷின் போன் அடித்தது. ஸ்ரீனிவாசன்தான். அந்த அம்மா ஆணையில் கையெழுத்துப் போட்டாச்சா, சீக்கிரம் வாங்கிண்டு வா, மணி பன்னிரண்டு ஆகப்போறதே என்று அவர் பதறுவது பின்கட்டு முழுவதும் கேட்டது. பேனாவைப் பிடித்தபடி சுடலைமாடத்தி ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு தலையைச் சாய்த்து, வாகை மரத்தின் கோப்பில் முழுப் பெயரையும் எழுதினாள். சஸ்பென்ஷன் ஆணை உளுந்து டின்னுக்கு அடியிலேயே இருந்தது.

“மேடம் ஃபயல் பாத்துட்டிருக்காங்க சார்” என்று அபிலாஷ் போனில் சொன்னான். “ஒங்க ஆத்துக்கு மரம் வெட்ட ஆள் வரும். மாமிகிட்ட சொல்லிடுங்க.”